கரும்புப் புகைக்கு மேலே ஒரு ஆய்வு விமானம்: டர்பனிலிருந்து கூட்டு முயற்சி அமைக்க முழுமையான வழிகாட்டி

புவி அறிவியலுக்காக விமானம் பறக்கவிட வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் விமானத்தைத் தேடிப் போகிறார்கள். அது தலைகீழ். விமானம் வைத்திருக்கும் நிறுவனங்கள் உலகில் இருக்கின்றன. அவற்றிடம் இல்லாதது உள்ளூர் நிலம், உள்ளூர் அனுமதி, எந்தத் தோட்டம் எந்தக் காலையில் எரியப்போகிறது என்ற தகவல். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டாலில் இருக்கும் ஒரு ஆய்வுக்குழு கூட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய முதலீடு இதுதான். பேரமும் இதை வைத்துத்தான்.

எல்லாப் படிகளையும் ஒரே எடுத்துக்காட்டில் காட்டுகிறோம். டொங்காட், வெருலம், ஸ்டாங்கர் பக்கம் அறுவடைக்கு முன் கரும்புக்குத் தீ வைப்பார்கள். அந்தப் புகையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எங்கே போகிறது என்று அளக்க வேண்டும். கொடியில் காயும் துணியில் கருஞ்சாம்பல் விழுந்து திட்டாதவர் அந்த ஊர்களில் குறைவு. ஆனாலும் அளந்த எண் வேறு, திட்டு வேறு.

முதல் படி: கேள்வியை விமானத்தின் அளவுக்கு வெட்டுங்கள்

"கரும்புப் புகையை ஆராய வேண்டும்" என்பது கேள்வி ஆகாது. செயற்கைக்கோளாலோ தரைக் கருவியாலோ பதில் சொல்ல முடிகிற கேள்விக்கு யாரும் விமானம் தரமாட்டார்கள். ஆகவே முதலில் அவற்றால் ஏன் முடியாது என்று எழுதிக் காட்டுங்கள்.

செயற்கைக்கோள்களில் உள்ள விர்ஸ் கருவியின் தீ கண்டறியும் புள்ளி ஒன்று 375 மீட்டர் அகலம், அதாவது சுமார் 14 ஹெக்டேர். அதைவிடச் சிறிய தீயும் அதற்குத் தெரியும். இங்கே இடிப்பது நேரம். அந்தச் செயற்கைக்கோள்கள் உள்ளூர் நேரம் பிற்பகல் ஒன்றரை, நள்ளிரவு தாண்டி ஒன்றரை என்ற வாக்கில் கடக்கின்றன. விடியற்காலையில் மூட்டி அரை மணிக்குள் எரிந்து முடியும் ஒரு கரும்புத் தோட்டம் இரண்டிலும் சிக்காது. தரைக் கருவியோ தான் நிற்கும் ஒரு இடத்தை மட்டும் சொல்லும். மேலே எழுந்து கடல் பக்கம் நகரும் புகை அதற்குத் தெரியாது. இந்த இடைவெளியில்தான் விமானத்துக்கு வேலை.

பிறகு கேள்வியை எண்ணாக மாற்றுங்கள். 10 ஹெக்டேர் தோட்டம் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 316 மீட்டர். தோட்டத்துக்கு அருகிலேயே குறுக்காகப் பறந்தால் புகைத்தூணும் ஏறக்குறைய அந்த அகலம்தான். விநாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் போகும் விமானம் அதை நாலரை விநாடியில் தாண்டிவிடும். பத்து விநாடிக்கு ஒரு அளவீடு தரும் கருவியை ஏற்றினால் அந்தக் கடப்பு வீண். ஆக கருவி விநாடிக்கு ஒரு அளவாவது தர வேண்டும் என்ற நிபந்தனை இந்த ஒரு கணக்கிலேயே வந்துவிடுகிறது. விமானக் குழுக்கள் விண்ணப்பத்தில் முதலில் தேடுவது இத்தகைய கணக்கைத்தான்.

இரண்டாம் படி: யாரிடம் என்ன விமானம்

பெரிய விமானங்கள் அரசு அமைப்புகளிடம் இருக்கின்றன. நாசாவின் வான்வழி அறிவியல் திட்டத்தில் 20 கி.மீ. உயரத்தில் பறக்கும் ஈஆர்-2, தாழப் பறந்து காற்றை உறிஞ்சி அளக்கும் பி-3, கல்ஃப்ஸ்ட்ரீம் ரகங்கள் உண்டு. 1980களிலிருந்து உழைத்த டிசி-8 2024இல் ஓய்வு பெற்றது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கல்ஃப்ஸ்ட்ரீம்-5, சி-130 இரண்டும் கொலராடோவிலிருந்து இயங்குகின்றன. ஒரு துறையின் விமானத்தில் இன்னொரு துறையின் கருவி ஏற வசதியாக அமெரிக்கத் துறைகள் தமக்குள் ஒருங்கிணைப்புக் குழு ஒன்றை 1997 முதல் வைத்திருக்கின்றன. பிரிட்டனிடம் பிஏஇ-146 விமானம். பிரான்சின் சாஃபிர் அமைப்பை அந்நாட்டு வானிலைத் துறை, தேசிய ஆய்வு மையம், விண்வெளி மையம் மூன்றும் சேர்ந்து நடத்துகின்றன. அதனிடம் ஏடிஆர்-42, ஃபால்கன்-20. ஜெர்மனியிடம் ஹேலோ என்ற விமானம்.

இவை தெற்கு ஆப்பிரிக்காவுக்கு வராதவை அல்ல. 2000 ஆகஸ்ட், செப்டம்பரில் சஃபாரி 2000 என்ற பன்னாட்டு ஆய்வு நடந்தபோது ஈஆர்-2 பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து, இன்றைய பொலொக்வானேயிலிருந்து, பறந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கான்வேர்-580 கீழே புகைக்குள் போனது. தென்னாப்பிரிக்க வானிலைத் துறையின் இரண்டு ஏரோகமாண்டர் 690ஏ விமானங்களும் பங்கேற்றன. செப்டம்பர் 7 அன்று டிம்பவாட்டி காப்பகத்தில் திட்டமிட்டு மூட்டிய தீயைப் பல உயரங்களிலிருந்து ஒரே நேரத்தில் அளந்தார்கள். அந்த நாள் அமைந்ததற்குக் காரணம் விமானம் மட்டும் இல்லை. தீ வைக்கும் நேரத்தை உள்ளூர்க்காரர்கள் விமான நேரத்தோடு பொருத்திக் கொடுத்தார்கள்.

2016இல், புகையும் மேகமும் சேரும் இடத்தை ஆராயும் நாசாவின் ஒராக்கிள்ஸ் குழு நமீபியாவின் வால்விஸ் பேயிலிருந்து பி-3, ஈஆர்-2 இரண்டையும் பறக்கவிட்டது. 2017இல் பிரெஞ்சு ஃபால்கன் அதே ஊருக்கு வந்தது. 2023இல் கேப் டவுனைத் தளமாகக் கொண்டு பயோஸ்கேப் என்ற உயிர்ப்பன்மை ஆய்வு நடந்தது. அதில் கல்ஃப்ஸ்ட்ரீம்-3இல் நிறமாலைப் படக்கருவிகள் அவிரிஸ்-என்ஜியும் பிரிஸமும், கல்ஃப்ஸ்ட்ரீம்-5இல் லேசர் ஒளியால் அளக்கும் எல்விஸ் லைடாரும் ஹைடெஸ் வெப்பப் படக்கருவியும். கேப் டவுன் பல்கலைக்கழகமும் சுற்றுச்சூழல் கண்காணிப்பு வலையமைப்பான சேயோனும் தரைப்பக்கம் நின்றன.

பெரிய விமானம் உங்களுக்கென்று தனியாக வராது. வேறு காரியத்துக்கு வரும்போது உங்கள் மூன்று பறப்புகளை அதில் சேர்க்கச் செய்வதுதான் நடைமுறை. நாசா பக்கம் அதற்குப் பறப்புக் கோரிக்கை முறை ஒன்று இருக்கிறது. கோரிக்கையை இடுவது அந்தப் பக்கத்து முதன்மை ஆய்வாளர், நீங்கள் அல்ல. ஆகவே உங்களுக்கு முதலில் வேண்டியது அந்த ஊரில் ஒரு கூட்டாளி.

கரும்புப் புகை மாதிரிக் கேள்விக்கு உண்மையில் பெரிய விமானமே வேண்டாம். உள்ளூரில் வாடகைக்குக் கிடைக்கும் இரட்டை இயந்திர அளவைவிமானம் ஒன்றும் வெளிநாட்டுக் கருவிக் குழு ஒன்றும் இருந்தால் போதும். எங்கள் தேர்வு இதுதான். கீழே வரும் படிகளை அதற்கே எழுதுகிறோம். பெரிய விமானத்துக்கு வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறோம்.

மூன்றாம் படி: உங்கள் பக்கத்துச் சீதனம்

கூட்டாளிக்கு எழுதும் முதல் கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அதில் நான்கு விஷயங்கள் கட்டாயம்.

தீயின் நாட்காட்டி. நட்டால் கடற்கரையில் அறுவடைப் பருவம் ஏறக்குறைய ஏப்ரல் முதல் டிசம்பர் வரை. எந்தப் பகுதியில் எந்த வாரம் எரிப்பு கூடுதல் என்று ஆலைகளிடமும் வட்டாரத் தீப் பாதுகாப்புச் சங்கங்களிடமும் கேட்டு எழுதுங்கள். கரும்பு வகை, பயிரின் வயது, எரிக்கும் முறை ஆகியவற்றுக்கு மவுண்ட் எட்ஜ்கோமில் உள்ள தென்னாப்பிரிக்கக் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாரியம்மன் கோயிலுக்குப் போகும் பலருக்கு அந்த நிலையம் அதே ஊரில் இருப்பது தெரியாது.

தரை அளவீடு. குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் சூரிய ஒளிமானி இயங்கியிருக்கிறது. ரியூனியன் பல்கலைக்கழகக் கூட்டில் 1999 முதல் லைடாரும் டர்பனில் வேலை செய்தது. உங்கள் பருவத்தில் எந்தக் கருவி ஓடும் என்று உறுதி செய்த பிறகே கடிதத்தில் சேருங்கள். அணைத்து வைத்த கருவியைப் பட்டியலில் போட்டால் முதல் சந்திப்பிலேயே மானம் போகும்.

தோட்டக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம். குறைந்தது மூன்று தோட்டங்கள், அவற்றின் எல்லை வரைபடம், எரிப்பதற்கு 24 மணி நேரம் முன் தகவல் தர ஒரு பொறுப்பாளர். மூன்று ஏன் என்றால், காற்று திரும்பும் நாளில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டியிருக்கும்.

நாலாவது, மாணவர்கள். விமானத்தில் ஏற எத்தனை பேர், தரையில் எத்தனை பேர், தரவைச் சுத்தம் செய்ய யார். இதை எழுதாமல் விட்டால் விமானத்தில் உள்ளூர் முகம் ஒன்றும் இருக்காது. பின்னால் வருந்திப் பயனில்லை.

நான்காம் படி: ஒப்பந்தம்

நாசா போன்ற அமைப்புகளின் பன்னாட்டு ஒப்பந்தங்களில் பொதுவாகப் பணம் கைமாறாது. அவரவர் செலவு அவரவருக்கு. அங்கிருந்து ராண்ட் வரும் என்று எண்ணி மாணவர் உதவித்தொகையை நம்பி இருக்கக் கூடாது. உங்கள் பக்கத்துச் செலவுக்குத் தேசிய ஆராய்ச்சி நிதியத்திடமோ பல்கலைக்கழகத்திடமோ தனியாக விண்ணப்பியுங்கள். விமான மணி, எரிபொருள், உதிரி எல்லாம் டாலர் சார்ந்தவை. பட்ஜெட்டில் நாணய மாற்றத்துக்கு 15 சதவீதம் ஒதுக்குவது எங்கள் வழக்கம்.

தகராறு வருவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான், முன்கூட்டியே எழுதிவிடுங்கள்:

- பறக்காத நாளுக்கு யார் பணம். வானிலை காரணமாக விமானம் தரையில் நின்றாலும் விமானி, நிறுத்தக் கட்டணம், காப்பீடு ஓடும். "காத்திருப்பு நாள் கட்டணம்" என்று தனி வரியாக இருக்கட்டும்.
- கருவி உடைந்தால் யார் பொறுப்பு. ஏற்றி இறக்கும்போது உடைவது ஒன்று, வானில் உடைவது இன்னொன்று. விமானக் காப்பீடு பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஆய்வுக் கருவியைத் தானாக உள்ளடக்காது.
- விமானத்தில் ஏறும் ஆய்வாளர் பயணியா, பணிக்குழுவா. இந்த ஒரு சொல்லில் காப்பீடு முழுதும் மாறும்.
- தரவு எப்போது பொதுவெளிக்கு வரும், அதுவரை யார் எழுதலாம், உள்ளூர் ஆசிரியர்கள் பெயர் எந்தக் கட்டுரைகளில் கட்டாயம்.
- தோட்டக்காரரின் பெயரும் எல்லையும் வெளியாகுமா. அவருக்கு இது பெரிய கவலை. புகை எண் அவர் தோட்டப் பெயரோடு செய்தித்தாளில் வந்தால் அடுத்த ஆண்டு கதவு மூடிவிடும். வெளியிடும் தரவில் இடத்தை மங்கலாக்குவதாக எழுதிக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: அனுமதிகள், பின்னோக்கி எண்ணி

பறக்கும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெரிய வெளிநாட்டு விமானம் என்றால் 18 மாதம், உள்ளூர் விமானம் என்றால் 9 மாதம் முன்பே தொடங்கலாம்.

வெளிநாட்டு அரசு விமானம் சிக்காகோ உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவுப்படி, போகும் நாட்டின் அனுமதி இல்லாமல் இறங்கவோ மேலே பறக்கவோ முடியாது. ஆகவே தூதரக வழியாக வெளியுறவுத் துறையின் இசைவு தேவை. இதை நீங்கள் விண்ணப்பிக்க முடியாது, ஆனால் எந்தத் துறையில் எந்த மேசையில் நிற்கிறது என்று விசாரித்துச் சொல்லலாம்.

உள்ளூர் விமானம் என்றால் இயக்குபவரிடம் மூன்றாம் வகுப்பு வான்சேவை உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவெண் இசட்.எஸ். என்று தொடங்கினால் வகைச்சான்று பெற்ற விமானம், இசட்.யு. என்றால் பெறாதது. இசட்.யு.வில் துளை போடுவது எளிது, கூலிக்குப் பறக்கக் கட்டுப்பாடு அதிகம். இசட்.எஸ்.ஸில் இதற்கு நேர்மாறு. வெளியே ஒரு உறிஞ்சுகுழாய் பொருத்தினாலும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற மாற்ற ஆவணம் வேண்டும்.

உயரம் பற்றிய விதியை வரைபடத்தில் வண்ணமிட்டு வையுங்கள். குடியிருப்புக்கு மேல் 1,000 அடி, மற்ற இடங்களில் 500 அடி. தேசியப் பூங்கா, உலகப் பாரம்பரிய இடம் ஆகியவற்றின் உச்சிப் புள்ளிக்கு மேல் 2,500 அடிக்குக் கீழே பறக்கப் பூங்கா நிர்வாகத்தின் அனுமதி தேவை. வடக்கே உலகப் பாரம்பரிய இடமான ஐசிமங்கலிசோ பக்கம் நீள நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. கிங் ஷாக்கா விமானநிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளி கரும்புப் பட்டையின் நடுவிலேயே இருக்கிறது. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களோடு நேரில் உட்கார்ந்து, உங்கள் கோடுகளைக் காகிதத்தில் காட்டிப் பேசுங்கள். மின்னஞ்சலில் முப்பது நாள் ஓடுவது நேரில் ஒரு மணியில் முடியும்.

கருவிகள் வெளிநாட்டிலிருந்து வந்தால் ஏடிஏ கார்னே ஆவணத்தில் தற்காலிகமாக இறக்குமதி செய்யலாம், ஓராண்டு செல்லும். அதில் எழுதிய வரிசை எண்ணும் கருவியின் மேல் உள்ள எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் சுங்கத்தில் பெட்டி நிற்கும். கதிரியக்கச் சிறுமூலம் உள்ள துகள் அளவுக் கருவிக்குத் தனி அனுமதி. முடிந்தால் மென் எக்ஸ்ரே வகையைக் கேட்டு வாங்கித் தலைவலியைத் தவிருங்கள். துகள் எண்ணிகளில் ஊற்றும் பியூட்டனால் தீப்பிடிக்கும் திரவம். அதை விமானத்தில் அனுப்பாமல் டர்பனிலேயே வாங்குங்கள்.

ஆறாம் படி: கருவியை விமானத்தில் பொருத்துதல்

பெரும்பாலான திட்டங்கள் தடுக்கி விழும் இடம் இது. பொறுமையாகப் படியுங்கள்.

எடை முதலில். 120 கிலோ கருவிச் சட்டம் ஏற்றினால் அதே எடைக்கு, சுமார் 150 லிட்டர் எரிபொருளை இறக்க வேண்டியிருக்கலாம். பறக்கும் நேரம் அப்படியே குறையும். சட்டத்தை எங்கே வைத்தாலும் எடைமையம் நகரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எடை-சமநிலைத் தாளைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பெரிய போக்குவரத்து ரக விமானங்களில் சட்டமும் திருகுகளும் விபத்து நேரத்தில் முன்பக்கமாக 9 மடங்கு, கீழ்நோக்கி 6 மடங்கு, மேல்நோக்கி 3 மடங்கு ஈர்ப்பு விசையைத் தாங்க வேண்டும். மடிக்கணினியை இழுவைப்பட்டையில் கட்டிவைக்கும் பழக்கம் இந்தக் கணக்கில் தேறாது.

மின்சாரம். சிறிய இரட்டை இயந்திர விமானத்தில் 28 வோல்ட் நேர்மின்னோட்டம். விமானத்தின் சொந்தத் தேவை போக 30 ஆம்பியர் மிஞ்சினால் உங்களுக்கு 840 வாட் மட்டுமே. வெற்றிடப் பம்பு தொடங்கும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு இழுக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பாதுகாப்புச் சுவிட்சு விழுந்து, கணினியும் சேர்ந்து அணையும். ஒவ்வொன்றாக, பம்பு முதலில், கணினி தனி மின்கலத்தில்.

உறிஞ்சுகுழாய். விமானத்தின் சொந்தப் புகையும் விசிறிக் காற்றும் எட்டாத இடத்தில், இயந்திரத்துக்கு முன்னால் அல்லது இறக்கையில் தள்ளி வையுங்கள். ஏரோகமாண்டர் போல உயர்ந்த இறக்கையும் இரு இயந்திரமும் உள்ள விமானத்தில் மூக்கு நுனி நல்ல இடம்.

துகள்களை உறிஞ்சும்போது குழாய் வாயில் காற்றின் வேகம் விமான வேகத்துக்குச் சமமாக இருப்பது நல்லது. நிமிடத்துக்கு 5 லிட்டர் உறிஞ்சும் கருவி, விநாடிக்கு 70 மீட்டர் வேகம் என்றால் நுனித் துளை சுமார் 1.2 மி.மீ. விட்டம். துளை இதைவிடப் பெரிதானால் காற்று உள்ளே மெதுவாகப் போகும். பெரிய துகள்கள் தேவைக்கு மேல் சேரும். ஆனால் கரும்புப் புகைத் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்குக் கீழே. அவற்றுக்கு இந்தப் பிழை சிறிது. துணியில் விழும் சாம்பல் செதிலை இந்தக் குழாயால் அளக்கவே முடியாது. அதற்குத் தரையில் தட்டு வையுங்கள்.

குழாயின் பொருளும் முக்கியம். துகளுக்குத் துருப்பிடிக்காத எஃகு. டெஃப்லானில் நிலைமின் காரணமாகத் துகள் ஒட்டிக்கொள்ளும், ஆனால் வாயுவுக்கு அதுவே நல்லது. கறுப்பு நிறக் கடத்தும் சிலிக்கோன் குழாயை வளைக்க எளிது என்று எல்லா இடத்திலும் போடுவார்கள். அது கார்பன் டையாக்சைடை உறிஞ்சியும் உமிழ்ந்தும் வாயு அளவைக் கெடுக்கும்.

தாமதம். 6 மி.மீ. உள்விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள குழாயில் சுமார் 85 கன செ.மீ. காற்று நிற்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் ஒரு விநாடித் தாமதம். ஒரு லிட்டர் ஓடினால் ஐந்து விநாடி. 70 மீட்டர் வேகத்தில் அது 350 மீட்டர், அதாவது ஒரு தோட்டத்தின் அகலமே. ஒவ்வொரு கருவியின் தாமதத்தையும் தரையில் அளந்து எழுதுங்கள். அணைந்த தீக்குச்சிப் புகையை நுனியில் காட்டி, எண் ஏறும் விநாடியைக் குறித்தால் போதும்.

வெப்பமானியை நம்பி ஏமாற வேண்டாம். காற்று மோதி நிற்கும் இடத்தில் சூடாகும். விநாடிக்கு 70 மீட்டரில் சுமார் இரண்டரை டிகிரி, 100 மீட்டரில் 5 டிகிரி வரை கூட்டிக் காட்டும். திருத்தாத எண்ணை வைத்து வெப்பத் தலைகீழ் அடுக்கு (மேலே போகப் போகக் காற்று குளிராமல் சூடாகும் அடுக்கு) தேடினால் விமானம் வேகம் மாற்றிய இடமெல்லாம் அடுக்காகத் தெரியும்.

கசிவுச் சோதனை எளிது: நுனியில் நுண்வடிகட்டி மாட்டுங்கள். துகள் எண்ணி சுழியத்தை ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ அறைக்காற்று நுழைகிறது. தரையில் தேறியது மேலே தேறாமல் போகலாம், அழுத்தம் மாறுவதால். ஆகவே முதல் சோதனைப் பறப்பில் உயரத்திலும் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் பின்னும் செறிவு தெரிந்த அளவுவாயு கொடுத்துச் சரிபார்ப்பதும் அப்படியே.

ஏழாம் படி: பறப்புக் கோடுகள்

புகைக்கு முதலில் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கோடு: புகை இல்லாத காற்றில் என்ன இருக்கிறது என்று தெரிய. பிறகு காற்றுப் போகும் திசையில் 1, 5, 15 கி.மீ. தொலைவில், ஒவ்வொன்றிலும் மூன்று உயரத்தில், புகைக்குக் குறுக்காக. காற்று விநாடிக்கு 5 மீட்டர் என்றால் 15 கி.மீ.யில் உள்ள புகைக்கு வயது 50 நிமிடம். புகை வயதாகும்போது என்ன ஆகிறது என்று இப்படித்தான் பார்க்கிறோம்.

குறுக்குக் கோடு இரண்டு பக்கமும் சுத்தக் காற்றுக்குள் குறைந்தது 2 கி.மீ. நீள வேண்டும். அது இல்லாவிட்டால் பின்புலத்தைக் கழிக்க முடியாது, பின்புலம் இல்லாமல் புகைக் கணக்கே இல்லை. பின்புலத்தைவிடக் கூடிய கார்பன் டையாக்சைடை, அதேபோல் கூடிய கார்பன் டையாக்சைடும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்த தொகையால் வகுத்தால் எரிப்பின் தரம் கிடைக்கும். 0.9க்கு மேல் என்றால் சுடர்விட்டு எரிகிறது, 0.8 பக்கம் இறங்கினால் புகைந்து கருகுகிறது. இந்த விகிதத்தை விநாடி விநாடியாகப் போடாதீர்கள். இரு கருவிகளின் வேகம் வேறு என்பதால் ஓரங்களில் பொய்யான எண் வரும். புகை முழுவதற்கும் கூட்டிப் பிறகு வகுங்கள்.

இங்கே ஒரு உள்ளூர்ப் பிரச்சினை. குளிர்கால விடியலில் தரையை ஒட்டி வெப்பத் தலைகீழ் அடுக்கு உட்காரும். புகை அதன் கீழே 200 மீட்டருக்குள் படுத்துக் கிடக்கலாம். வெருலம், ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு மேல் நீங்கள் 1,000 அடிக்குக் கீழே இறங்க முடியாது. அது 300 மீட்டர். ஆக விமானம் சுத்தக் காற்றில் அழகாகப் பறந்து ஒன்றும் அளக்காமல் திரும்பும். இரண்டு வழி: அடுக்கு உடையும் முற்பகலில் எரிக்கத் தோட்டக்காரரைக் கேட்பது, அல்லது குடியிருப்பு இல்லாத கடல் பக்கம் புகை வெளியேறும் இடத்தில் காத்திருப்பது. தரையில் ஒரு வண்டிக் கருவி இரண்டு வழிக்கும் துணை. உள்நாட்டிலிருந்து இறங்கும் பெர்க் காற்று நாளில் எரிப்பே தடைபடலாம், அந்த நாளை ஓய்வுக்கு வையுங்கள்.

உயரச் சுருள் போடும்போது ஒரே உயரத்தில் வட்டமிடாதீர்கள். விமானமும் அதன் புகையும் ஒரே காற்றில் நகர்கின்றன, தன் புகையைத் தானே சந்திக்கும். துகள் எண்ணிக்கை திடீரெனக் கூர்மையாக ஏறி இறங்கினால் அதுதான். நிமிடத்துக்கு 1,000 அடி வீதம் இறங்கிக்கொண்டே சுற்றினால் தப்பலாம்.

எரிந்த பரப்பை நிறமாலைப் படக்கருவியால் படமெடுக்கக் கூட்டாளி வந்தால் கணக்கு வேறு. அவிரிஸ்-என்ஜி 34 டிகிரி அகலம் பார்க்கும், ஒரு புள்ளி ஒரு மில்லிரேடியன். 5 கி.மீ. உயரத்தில் புள்ளி 5 மீட்டர், பட்டை சுமார் 3 கி.மீ. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று 30 சதவீதம் படிய விட்டால் கோட்டுக்குக் கோடு 2.1 கி.மீ. 40க்கு 20 கி.மீ. பரப்புக்குப் பத்துக் கோடு. விநாடிக்கு 130 மீட்டர் வேகத்தில் ஒரு கோட்டுக்கு ஐந்து நிமிடம், திருப்பத்துக்கு நான்கு. மொத்தம் ஒன்றரை மணி. டர்பன் அட்சம் ஏறக்குறைய 30 டிகிரி தெற்கு என்பதால் ஜூன் நடுப்பகலிலும் சூரியன் 37 டிகிரிதான் ஏறும். நீண்ட நிழல் வேண்டாம் என்றால் செப்டம்பருக்குப் பிறகு வாருங்கள், ஆனால் அப்போது மேகம். வானம் உங்களுக்கு இரண்டையும் சேர்த்துத் தராது.

பத்துப் பறப்பு தேவை என்றால் இருபது நாள் ஒதுக்குங்கள்.

எட்டாம் படி: பறக்கும் நாள்

முந்தைய மாலை கூட்டம், காலை ஆறு மணிக்குக் கடைசி முடிவு. முடிவுக்கு முன் கிங் ஷாக்காவில் வானிலைச் சேவை விடும் பலூன் தரவையும் தோட்டப் பொறுப்பாளரின் அழைப்பையும் பாருங்கள். விமானியிடம் ஒருவர் மட்டுமே பேச வேண்டும். விமானி வேண்டாம் என்றால் விவாதம் இல்லை.

கரும்புப் பட்டையில் மருந்து தெளிக்கும் விமானங்கள் தாழப் பறக்கும். தெளிப்பு நிறுவனங்களிடம் அன்றைய திட்டத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தீ மூட்டினால் பூச்சியும் எலியும் ஓடும், அவற்றுக்காகப் பருந்துகள் கூடும். புகையின் ஓரத்தில்தான் அவை வட்டமிடும், நீங்கள் போகும் இடமும் அதுவே.

எல்லாக் கருவியின் கடிகாரமும் ஜிபிஎஸ் வழி உலகப் பொது நேரத்தில் இருக்கட்டும். நம் நேரம் இரண்டு மணி முந்தியது; ஒருவர் உள்ளூர் நேரத்தில் எழுதினால் ஒரு வாரம் தேட வேண்டியிருக்கும்.

நாட்காட்டியில் சில நாட்களைச் சிவப்பாக்குங்கள். தீபாவளி வாரமும் நவம்பர் 5உம் பட்டாசுப் புகை பின்புலத்தைக் கெடுக்கும். புனித வெள்ளி சமயம் மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் திருவிழாக் கூட்டத்துக்கு மேல் தாழப் பறக்கும் கோடு எதுவும் வேண்டாம்.

ஒன்பதாம் படி: தரவு

தரையிறங்கிய அன்றிரவே மூல கோப்புகளை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள், ஒன்று விமானநிலையத்தை விட்டு வெளியே. 24 மணிக்குள் முதற்கட்டக் கோப்பு கூட்டாளிகளுக்குப் போக வேண்டும். அடுத்த பறப்பைத் திருத்த அதுதான் உதவும்.

வான்வழி அளவீடுகளுக்கு ஐகார்ட் என்ற எளிய எழுத்துக் கோப்பு வடிவம் பரவலாக இருக்கிறது. கோப்பின் பெயரிலேயே கருவி, விமானம், நாள், திருத்த எண் வரும். களத்தில் எழுதும் முதற்கட்டக் கோப்புக்கு ஆர்ஏ, இறுதிக்கு ஆர்0, பிறகு ஆர்1. இல்லாத மதிப்புக்கு -9999, கருவியின் கீழ் வரம்புக்கும் கீழே போனதற்கு -8888, மேல் வரம்பைத் தாண்டியதற்கு -7777. வெற்றிடத்தையோ சுழியத்தையோ போடாதீர்கள். சுழியம் என்றால் அளந்து சுழியம் என்று பொருள்.

தாமதத் திருத்தம், பின்புலக் கழிப்பு, தன்புகை நீக்கம் இவை மூன்றும் எந்த வரிசையில் செய்யப்பட்டன என்று தலைப்பகுதியில் எழுதுங்கள். தாமதத்தைத் திருத்தாமல் பின்புலம் கழித்த கோப்பை யாராலும் மீட்க முடியாது, மூலத்திலிருந்து தொடங்கத்தான் வேண்டும்.

தோட்டக்காரருக்குத் தனியாக ஒரு பக்கம்: அவர் தோட்டம் எரிந்த நாள், காற்றுத் திசை, புகை எட்டிய உயரம், எங்கே போனது. வெளியிடுவதற்கு முன்பே, தமிழிலோ சூலுவிலோ ஆங்கிலத்திலோ அவருக்கு வசதியான மொழியில் கையில் கொடுங்கள். அடுத்த பருவத்துக்கான சம்மதக் கையெழுத்தையும் அந்தச் சந்திப்பிலேயே கேட்டுவிடலாம்.

விமான வாடகைக்கே வழியில்லை என்றால்

பயணி விமானங்கள் வழியே தரவு சேர்க்கும் திட்டங்கள் உண்டு. 1994இல் ஐரோப்பாவில் தொடங்கிய மொசைக், இன்றைய இயாகோஸ், பயணி விமானத்தில் ஓசோன் போன்றவற்றை அளக்கிறது. ஏர் நமீபியா விமானம் ஒன்றும் சில ஆண்டுகள் அதைச் சுமந்தது. விமானங்கள் ஏறி இறங்கும்போது காற்றும் வெப்பமும் பதிவாகும் ஆம்டார் தரவை வானிலைச் சேவையிடம் கேட்கலாம். ஒரு தோட்டப் புகைக்கு இவை எட்டாது, தலைகீழ் அடுக்கு எத்தனை நாள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிட நன்றாகவே உதவும். ட்ரோன் என்றால் 400 அடி உச்ச வரம்பு, விமானநிலையத்திலிருந்து 10 கி.மீ. தள்ளி, ஆட்களிடமிருந்து 50 மீட்டர். பல்கலைக்கழக ஆய்வு தனிப்பட்ட பொழுதுபோக்கு ஆகாது, ட்ரோன் இயக்குபவருக்கான சான்று வேண்டும். டொங்காட் பக்கம் அந்த 10 கி.மீ. வட்டத்தை வரைபடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு ட்ரோன் வாங்குங்கள்.